ஆளே வராத காலத்தில் விமான நிலையம் எப்படி ஓடியது, எப்படி வளர்ந்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் திருமங்கலம் பக்கம், வேலை சிங்கப்பூரில். கொரோனாவுக்கு முன்னால் அங்கே இருக்கிற சாங்கி விமான நிலையத்தின் இரண்டாவது முனையம் வழியாகப் போய்வந்தீர்கள், அப்புறம் அது மூடிக் கிடந்தது, மறுபடி திறந்தபோது முன்னைவிடப் பெரிசாக நின்றது. உலகமே முடங்கிய நேரத்தில் ஒரு பெரிய விமான நிலையம் எப்படி இயங்கியது, அந்த நிலையிலும் எப்படி வளர்ந்தது, அதே காலத்தில் நம் மதுரை மட்டும் ஏன் இருந்த இடத்திலேயே நின்றது என்று கேட்கிறீர்கள். எல்லாம் காசுதானா என்பதுதான் இதற்கு அடியில் இருக்கிற கேள்வி. காசும் ஒரு காரணம்தான், ஆனால் அதை முதல் காரணமாக நான் வைக்க மாட்டேன். பெருந்தொற்று விமான நிலையங்களுக்குக் கொடுத்தது வெறும் நேரம். நிலம், வரைபடம், ஒப்பந்தம் மூன்றையும் ஏற்கெனவே கையில் வைத்திருந்தவர்கள் அந்த நேரத்தை வேலையாக மாற்றிக்கொண்டார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் விமான நிலைய இயக்கப் பிரிவில், அதிலும் ஓடுபாதை, அதற்குப் போய்ச்சேருகிற டாக்ஸிவே, விமானம் நிற்கிற ஏப்ரன் என்று வெளிப்பக்க வேலையில் பல வருடம் இருந்தவன். தென்னிந்தியாவில் சில ஊர்களில் பணி, இப்போது ஓய்வு, குடியிருப்பு மதுரையில். அதனால் ஓடுபாதை விஷயத்தில் நான் சொல்வதைக் கைப்பட்ட அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம். நிதி, கட்டுமான ஒப்பந்தம் இவையெல்லாம் வெளியே வந்த கணக்குகளைத் தொடர்ந்து படித்ததில் தெரிந்துகொண்டவை. நோய் எப்படிப் பரவியது என்பதில் நான் மருத்துவன் அல்ல, அந்த இடத்தில் கொஞ்சம் தள்ளி நின்றே பேசுவேன்.

காலவரிசையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 22-க்குப் பிறகு வெளிநாட்டு வழக்கமான விமானம் எதுவும் இந்தியாவில் இறங்கவில்லை. மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானமும் நின்றது. மே 25 அன்று உள்நாட்டுச் சேவை மூன்றில் ஒரு பங்கு அளவில் திரும்ப ஆரம்பித்து, 45, 60, 70, 80 சதவீதம் என்று படிப்படியாக ஏறி, இரண்டாவது அலையில் 2021 ஜூன் முதல் தேதி மறுபடி 50-க்கு இறங்கி, 2021 அக்டோபர் 18-இல்தான் முழு அளவுக்கு வந்தது. வெளிநாட்டு வழக்கமான சேவை திறக்க 2022 மார்ச் 27 ஆகிவிட்டது. இடையில் வெளிநாட்டில் சிக்கியவர்களைக் கூட்டிவந்த வந்தே பாரத் விமானங்களும் நாட்டுக்கு நாடு போட்டுக்கொண்ட ஏர் பபிள் ஒப்பந்த விமானங்களும்தான். இந்தியாவில் 2019-இல் உள்நாட்டு விமானத்தில் பறந்தவர்கள் 14.4 கோடி, 2020-இல் 6.3 கோடி. உலக அளவில் 450 கோடி 180 கோடியாக விழுந்தது. சாங்கியின் வீழ்ச்சி இன்னும் கொடுமை, ஏனென்றால் சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானம் என்ற ஒன்றே கிடையாது. 2019-இல் 6.83 கோடிப் பயணிகள், 2020-இல் 1.18 கோடி, 2021-இல் ஏறக்குறைய 30 லட்சம்.

பயணிகள் வருவது நின்றது, ஆனால் விமான நிலையங்கள் மூடப்படவில்லை. இது பலருக்கும் தெரியாத விஷயம். நம் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவை நினைத்துப் பாருங்கள்: ராத்திரி ஒரு நோயாளிதான் வருவார் என்றாலும் டாக்டர், நர்ஸ், ஆக்சிஜன் எல்லாம் தயாராக இருந்தே ஆகவேண்டும். ஓடுபாதையும் அப்படித்தான். சரக்கு விமானம் வரும், மருந்து வரும், வான்வழி ஆம்புலன்ஸ் வரும், மேலே பறந்துகொண்டிருக்கிற ஏதோ ஒன்றுக்குக் கோளாறு ஏற்பட்டு இறங்க இடம் கேட்கும். தீயணைப்பு வண்டி எத்தனை வேண்டும், எவ்வளவு தண்ணீரும் நுரையும் இருக்கவேண்டும் என்பது அடிப்படையில் வருகிற விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்து முடிவாகிறது. அதே ரக விமானம் நாளுக்கு இருபது வந்தாலும் ஒன்று வந்தாலும் அந்த வண்டிகள் நிற்கவேண்டும், மணி அடித்த மூன்று நிமிடத்துக்குள் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் போய்ச் சேரவேண்டும். கட்டுப்பாட்டு கோபுரத்தில் ஆள் வேண்டும், வானிலை அறிக்கை வேண்டும், விளக்குகள் எரியவேண்டும், வேலி ஓரம் காவல் வேண்டும். இந்தச் செலவு எதுவும் பயணி எண்ணிக்கையோடு சேர்ந்து இறங்காது. வருமானமோ அப்படியே விழுந்தது. உலக விமான நிலையங்களின் வருமானத்தில் பொதுவாக 40 சதவீதம் போலக் கடை, உணவகம், பார்க்கிங், விளம்பரம் இவற்றிலிருந்து வருகிறது. பயணி இல்லையென்றால் அதுவும் போச்சு, இறங்கும் கட்டணமும் போச்சு.

அந்த மாதங்களில் ஓடுபாதையில் நடந்ததைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று காட்டுகிறேன், ஏனென்றால் வெளியே யாரும் பார்க்காத வேலை இது. விமானம் ஓடாத ஓடுபாதை சும்மா கிடக்காது. வழக்கமாக சக்கரங்கள் இறங்கி இறங்கி ரப்பர் படிந்து கருத்துப்போயிருக்கும் தொடுமிடத்தில் அந்த ரப்பரைச் சுரண்டிக் கழுவுவதே ஒரு பெரிய வேலை. அது குறைந்தது. அதற்குப் பதிலாக, கான்கிரீட் பலகைகளின் இடைவெளியில் புல் முளைக்க ஆரம்பித்தது. இரைச்சல் நின்றதும் பறவைகள் தைரியமாக உள்ளே வந்தன. ஆள்காட்டிக் குருவி வெட்டவெளித் தரையில் சும்மா நாலு கல்லை ஒதுக்கி முட்டையிடும் பறவை, அதன் முட்டைக்காலம் மார்ச்சில் தொடங்கி மழைக்காலம் வரை போகும். சரியாக ஊரடங்கு வந்த மாதங்கள். ஓடுபாதை ஓரத்துச் சரளையில் முட்டையிட்டுவிட்டு, ஜீப் கிட்டே போனால் தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றும். புல் வளர்ந்தால் பூச்சி, பூச்சிக்குக் கொக்கு, அப்புறம் பருந்து. எலி வந்தால் பாம்பு. விடியற்காலை ஜீப்பில் ஓடுபாதையை முழுசாகப் பார்த்து வருகிற சோதனை விமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும், அந்தக் காலத்தில் அதில் பெரும்பகுதி நேரம் இதற்கே போனது. மதுரையில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் சாமநத்தம், அவனியாபுரம் பக்கம் கண்மாய்கள், அந்தப் பக்கம் வெள்ளைக்கல் குப்பைக்கிடங்கு, இரண்டுமே பறவைக்கு உணவு கிடைக்கிற இடம். சேவை மறுபடி தொடங்குகிற முதல் வாரத்தில்தான் பறவை மோதும் ஆபத்து அதிகம் என்று எங்களுக்குக் கவலை. மனிதர்களும் பழக்கம் விட்டுப்போனவர்கள், பறவைகளும் விமானத்துக்குப் பழக்கம் விட்டுப்போனவை.

நிறுத்தி வைத்த விமானங்களும் அப்படியே விட்டுவிடக்கூடியவை அல்ல. 2020 ஏப்ரலில் உலகத்தின் பயணிகள் விமானங்களில் பாதிக்குமேல் தரையில் நின்றன. நிறுத்த இடமில்லாமல் டாக்ஸிவேயிலும், பிராங்க்பர்ட்டில் ஒரு ஓடுபாதையையே மூடி அதன்மேலும் நிறுத்தினார்கள். இன்ஜின் வாயை மூடவேண்டும். வேகத்தை அளக்கிற பிட்டாட் குழாய்க்கு உறை போடவேண்டும், இல்லையென்றால் அந்த விரல் தடிமன் குழாய்க்குள் குளவி கூடு கட்டிவிடும், பிறகு கிளம்பும்போது விமானிக்கு வேகம் தப்பாகக் காட்டும். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு இது பற்றித் தனி எச்சரிக்கையே விட்டது. ஒரே இடத்தில் நின்றால் டயர் அடிப்பக்கம் தட்டையாகும், அதனால் குறிப்பிட்ட நாளுக்கொரு தடவை விமானத்தை இழுத்துச் சக்கரத்தை உருட்டவேண்டும். எரிபொருள் தொட்டியில் ஈரம் சேர்ந்தால் பூஞ்சை வளரும், அதற்கு மருந்து கலக்கவேண்டும். ஒரு விமானத்தைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும் பல நாள் வேலை.

சரி, திரும்பத் திறந்தபோது பயணிகளை எப்படிக் கையாண்டார்கள்? மே 25-இலிருந்து சென்னைக்கு நாளுக்கு 25 விமானம்தான் வரலாம் என்று தமிழ்நாடு அரசு வரம்பு வைத்தது. இறங்குகிறவருக்கு இ-பாஸ் வேண்டும், கையில் தனிமைப்படுத்தல் முத்திரை, வீட்டில் இருக்கவேண்டும். ஏறுகிறவர் வீட்டிலேயே செக்-இன் செய்துவிட்டு வரவேண்டும், ஒரு பெட்டிக்கு மேல் கூடாது. சிஐஎஸ்எஃப் (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) காவலர் போர்டிங் பாஸில் முத்திரை குத்துகிற பழைய வழக்கம் போனது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தே அனுப்பினார்கள். நடு சீட்டில் உட்காருகிறவருக்கு மேலங்கி. தரையில் வட்டம் வரைந்து நிற்கச் சொன்னார்கள். இதில் எது உதவியது என்று கேட்டால், முகக்கவசமும் காற்றோட்டமும் கூட்டத்தைக் குறைத்ததும் உதவின என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெட்டிக்கு மருந்து அடித்தது, தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் மணிக்கொரு தடவை துடைத்தது இவையெல்லாம் அந்த அளவுக்குத் தேவைப்பட்டதா என்பது சந்தேகம்தான், பொருட்களைத் தொட்டு நோய் ஒட்டுகிற வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே 2021-இல் சொல்லிவிட்டது. நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டியதிலும் பெரிய பலன் இருந்திருக்காது, காய்ச்சலே இல்லாமல் நோயைச் சுமந்தவர்கள் அத்தனை பேரும் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஆனால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாத நிலை. எல்லாவற்றையும் செய்தார்கள் என்பதற்காக அந்தச் சுகாதாரப் பணியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து ஊற்ற, நாள் முழுக்க வருகைக் கூடத்தில் நின்றவர்கள் அவர்கள்.

பெரிய நிலையங்கள் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் ஊழியர் பற்றியது. 2021 மே மாதம் சாங்கியில் மூன்றாவது முனையத்தில் வேலை பார்த்தவர்களிடையே தொற்று பரவி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தொட்டது. ஆபத்து அதிகமான நாடுகளிலிருந்து வந்த பயணிகள் இறங்கிய பகுதியில் வேலை பார்த்தவர்கள், பொதுமக்களும் வந்துபோகிற உணவுக் கூடத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். பயணிகளைப் பிரித்த அளவுக்கு ஊழியர்களைப் பிரிக்கவில்லை. உடனே முதலாம், மூன்றாம் முனையங்களைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டு, வருகைப் பகுதியை ஆபத்து அளவின்படி மண்டலங்களாக வெட்டி, ஒரு மண்டலத்து ஆள் இன்னொன்றுக்குப் போகாதபடி செய்தார்கள். சாப்பாட்டு இடம், கழிப்பறை, ஓய்வறை உட்பட. இந்திய நிலையங்களிலும் குழுவாகப் பிரித்து, ஒரு குழுவும் இன்னொரு குழுவும் முகம் பார்க்காமல் ஷிப்ட் மாற்றுகிற முறை இருந்தது. கோபுரத்தில் இது உயிர்நாடி. கட்டுப்பாட்டாளர் பத்துப் பேர் ஒரே நாளில் தனிமைக்குப் போனால் அந்த நிலையமே நின்றுவிடும், அவர்களுக்குப் பதிலாக வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடியாது, அந்தந்த இடத்துக்கான தகுதியும் பழக்கமும் தனி.

சரக்கு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கு நேரடியாகத் தெரியும். கொரோனாவுக்கு முன் உலக விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் போனது. பயணிகள் விமானம் நின்றதும் அந்த இடமும் சேர்ந்து காணாமல் போனது. மதுரை மல்லியும் விமானத்தில் போகிற சரக்குதான். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, ஆனால் பறித்த சில மணி நேரத்தில் குளிரூட்டி ஏற்றாவிட்டால் மதிப்பே இல்லை. கோவிலும் இல்லை, கல்யாணக் கூட்டமும் இல்லை, மாட்டுத்தாவணி சந்தையும் இல்லை, வெளிநாட்டுக்கும் வழியில்லை என்று ஆனபோது உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பூ விவசாயிகள் பட்ட பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெரிய நிலையங்களில் சரக்கு வருமானம் ஓரளவு தாங்கிப்பிடித்தது. 2020 ஏப்ரலில் டெல்லியிலிருந்து சென்னைக்குப் பயணிகள் சீட்டிலேயே சரக்கைக் கட்டிக்கொண்டு விமானம் வந்தது. 2021 ஜனவரி 12-இல் தடுப்பூசியின் முதல் பெட்டிகள் சென்னையில் இறங்கின, அங்கிருந்து சாலை வழியாக மாவட்டங்களுக்குப் போயின. இரண்டாவது அலையில் விமானப்படை காலி ஆக்சிஜன் டேங்கர்களைத் தூக்கிக்கொண்டு போனது. நிரப்பிய டேங்கரை ஏன் விமானத்தில் கொண்டுவரவில்லை என்று அப்போது பலரும் கேட்டார்கள். திரவ ஆக்சிஜன் தீயைக் கொழுந்துவிட்டு எரியவைக்கிற சரக்கு, அதை அப்படி மேலே ஏற்ற முடியாது. அதனால்தான் காலியாகப் பறந்து, நிறைந்து ரயிலிலோ சாலையிலோ திரும்பின.

இப்போது நீங்கள் கேட்ட வளர்ச்சிக்கு வருவோம். எல்லாப் பெரிய நிலையங்களும் முதலில் சுருங்கின. டெல்லி மூன்றாவது முனையத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மூடியது. லண்டன் ஹீத்ரு 2020 ஏப்ரலில் இரண்டு ஓடுபாதையில் ஒன்றை மட்டும் ஓட்டியது, நான்காவது முனையத்தை இரண்டு வருடத்துக்கு மேல் மூடி வைத்தது. சாங்கி 2020 மே மாதம் இரண்டாவதையும் நான்காவதையும் மூடியது. ஒரு முனையத்தை மூடினால் ஏசி, விளக்கு, லிப்ட், பெல்ட், துப்புரவு, காவல் எல்லாம் மிச்சம். ஆனால் சாங்கி இரண்டாவது முனையத்தில் 2020 ஜனவரியிலேயே, அதாவது ஊரடங்குக்கு முன்பே, விரிவாக்க வேலை ஆரம்பித்திருந்தது. பயணிகளை நடமாட விட்டுக்கொண்டே செய்வது என்று போட்ட திட்டம், 2024 வரை இழுக்கும் என்று கணக்கு. ஓடிக்கொண்டிருக்கிற முனையத்தில் கட்டுமானம் என்பது நரக வேலை. ராத்திரி கடைசி விமானம் போனபின் மூன்று நாலு மணி நேரம்தான் சத்தமான வேலை செய்யலாம். விடியுமுன் தூசியைத் துடைத்து, தற்காலிகச் சுவரை நிறுத்தி, வழிகாட்டிப் பலகையை மாற்றி வைக்கவேண்டும். பத்து கவுன்ட்டரை இடிக்க, வேறு பத்து கவுன்ட்டரை முதலில் எங்கேயாவது கட்டவேண்டும். முனையம் காலியானதும் இந்தத் தடை அத்தனையும் நீங்கியது. மொத்தக் கூடத்தையும் ஒரேயடியாகப் பிரித்துப் போட்டார்கள். 2022 மே முதல் பகுதி பகுதியாகத் திறந்து, 2023 அக்டோபரில் முழுசாக முடித்தார்கள், வருடத்துக்குக் கூடுதலாக 50 லட்சம் பேரைத் தாங்குகிற அளவில். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஆனால் அதே சாங்கி, அதே 2020-இல், ஐந்தாவது முனையத்தை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கையில் இருந்ததை வேகப்படுத்தினார்கள், இன்னும் தொடங்காததைத் தள்ளிவைத்தார்கள். நிறுத்திய காலத்தில் வரைபடத்தைத் திருத்தினார்கள்: தேவைப்பட்டால் முனையத்தைச் சின்னச் சின்ன முனையங்களாகப் பிரித்து ஓட்டலாம், பரிசோதனைக்கும் ஆபத்தான பயணிகளைப் பிரிக்கவும் இடம் உண்டு, உள்ளே சுற்றுகிற பழைய காற்றும் புதுக் காற்றும் கலப்பதைக் குறைக்கிற ஏற்பாடு உண்டு. 2025 மே மாதம்தான் அடிக்கல் நாட்டினார்கள். இதற்கான பணத்தின் ஒரு பகுதிக்கு 2018 ஜூலை முதலே பயணியிடம் விமான நிலைய வளர்ச்சிக் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், உங்கள் டிக்கெட்டிலும் அது இருந்திருக்கும்.

இந்தியாவிலும் இதே கதைதான். பெங்களூரு இரண்டாவது முனையம் ஊரடங்கு வந்தபோது பாதி எழும்பியிருந்தது. தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், சாமான்கள் வரவில்லை, 2021-இல் முடியவேண்டியது 2022 நவம்பரில் திறந்தது. தாமதம் உண்டு, கைவிடவில்லை. டெல்லியின் நான்காவது ஓடுபாதை 2023 ஜூலையில் திறந்தது. இஸ்தான்புல் இன்னும் வேகம், 2020 ஜூன் மாதத்திலேயே மூன்றாவது ஓடுபாதையைத் திறந்துவிட்டது. தோஹாவுக்கு 2022 உலகக்கோப்பை என்கிற கெடு இருந்தது. இதில் எனக்கு உறுதியில்லாத இடம் ஒன்று உண்டு: பெருந்தொற்று வராமலே இருந்திருந்தால் இவையெல்லாம் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்குமா என்பது. பெங்களூருவில் முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சாங்கி இரண்டாவது முனையம் போன்ற, ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் புதுப்பிப்பு மட்டும்தான் காலியான கட்டடத்தால் உண்மையிலேயே லாபம் அடைந்தது. வெட்டவெளியில் புதிதாகக் கட்டியவர்களுக்கு ஊரடங்கால் பெரும்பாலும் நஷ்டம்தான்.

காசுதான் காரணம் என்பவர்களுக்கு நான் காட்டுவது திருச்சியை. மதுரைக்கும் திருச்சிக்கும் சொந்தக்காரர் ஒருவரே, இந்திய விமான நிலைய ஆணையம். பணப்பெட்டி ஒன்றுதான். திருச்சி புது முனையத்துக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் போட்டார்கள், நிலம் இருந்தது, ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. கொரோனா முழுக்க வேலை நின்று நின்று நடந்தது, 1,100 கோடிக்கு மேல் செலவு, 75,000 சதுர மீட்டர், 2024 ஜனவரியில் திறப்பு விழா, ஜூனிலிருந்து பயணிகள். சென்னையிலும் புது முனையத்தின் முதல் கட்டம் 2023 ஏப்ரலில் திறந்தது. மதுரையில் அப்படித் தொடர்ந்து செய்ய, தொடங்கி வைத்த பெரிய வேலை எதுவும் இல்லை. நம் ஓடுபாதை 2,285 மீட்டர். ஏ320, போயிங் 737 வகைக்குப் போதும், அகல உடல் விமானம், அதாவது உள்ளே இரண்டு நடைவழி உள்ள பெரிய விமானம், முழுச் சுமையோடு ஏறப் போதாது. நீட்டவேண்டுமென்றால் 600 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும், கப்பலூர் - உத்தங்குடி ரிங் ரோடு குறுக்கே வருகிறது. ரோட்டை அடியில் கொண்டுபோவதா, சுற்றி விடுவதா என்ற பேச்சே பல வருடம் ஓடியது. நிலம் எடுத்துக் கொடுக்கவேண்டியது மாநில அரசு, கட்டவேண்டியது ஆணையம், நடுவில் குடியிருப்பவர்கள் சின்ன உடைப்பு போன்ற ஊர்க்காரர்கள். மாற்று இடமும் மறுவாழ்வும் முதலில் கொடுங்கள், அப்புறம் காலி செய்கிறோம் என்று 2024-இலும் அவர்கள் போராடினார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஓடுபாதைக்காக வாழ்நாள் முழுக்கப் பேசினவன் நான், ஆனால் அதற்காக ஒரு ஊரைக் கையில் காசைத் திணித்து விரட்டவேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வராது. எப்படியோ, 2020-இல் பயணிகள் இல்லாமல் கிடைத்த நேரத்தை மதுரை எதற்குப் பயன்படுத்தியிருக்க முடியும்? நிலம் இல்லாமல் ஓடுபாதை நீளாது.

இன்னொன்று, சட்டப்படி 'பெரிய விமான நிலையம்' என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு வருடத்துக்கு 35 லட்சம் பயணிகளுக்கு மேல் கையாள்கிற நிலையம். கொரோனாவுக்கு முந்தைய மதுரை 15 லட்சத்தை ஒட்டி இருந்தது. பெரிய நிலையங்களுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்கிற ஆணையம் ஒன்று இருக்கிறது, போட்ட முதலீட்டைப் பின்னால் பயணிக் கட்டணத்தில் திரும்ப எடுக்க ஒரு கணக்கு முறை இருக்கிறது, கடன் கொடுக்கிறவர்கள் அதை நம்பிக் கொடுப்பார்கள். அதனால்தான் பெங்களூரு நஷ்டத்திலும் கட்டிக்கொண்டே போக முடிந்தது. மதுரை அந்த வகையில் வராது.

திரும்பத் திறந்தபோது பெரிய நிலையங்கள் தடுக்கி விழுந்தது கட்டடத்தில் அல்ல, ஆள் பலத்தில். 2022 கோடையில் ஐரோப்பாவில் பெட்டி ஏற்ற ஆள் இல்லை, பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் இல்லை. ஹீத்ரு நாளுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புறப்படக் கூடாது என்று அந்த ஜூலையில் வரம்பு போட்டது. வேலையை விட்டு அனுப்பிய ஆளை மறுபடி எடுப்பது வேறு தொழிலில் சுலபமாக இருக்கலாம். இங்கே ஒவ்வொருவருக்கும் பின்புலச் சோதனை, அனுமதி அட்டை, பயிற்சி என்று வாரக்கணக்கில் ஆகும். டெல்லியில் 2022 டிசம்பரில் மூன்றாவது முனையத்தில் வாசல் வரை வரிசை நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மதுரையின் கதையிலும் ஆள்தான் முடிச்சு. 24 மணி நேர நிலையம் ஆக்குங்கள் என்று ஊரே கேட்டும், கூடுதல் சிஐஎஸ்எஃப் காவலர்களும் மற்ற ஊழியர்களும் வந்த பிறகு, 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்துதான் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை ராத்திரியில் மூடிவிடுகிற நிலையம்தான்.

கடைசியாக, சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கே நேராக வர விமானம் எப்போது கூடும் என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ராத்திரி நேரம் கிடைத்துவிட்டது, அது ஒரு கதவு. இன்னொரு கதவு, நாடுகளுக்கு இடையேயான விமான ஒப்பந்தம். அதில் பெயர் எழுதியிருக்கிற இந்திய ஊர்களுக்குத்தான் அந்த நாட்டு விமான நிறுவனம் வரலாம், சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் போன்ற நாடுகளோடு போட்ட ஒப்பந்தங்களில் மதுரையைச் சேர்க்கச் சொல்லி வருடக்கணக்கில் கேட்டு வருகிறார்கள். இலங்கை நிறுவனம் மதுரைக்கு வருகிறது, சிங்கப்பூர் நிறுவனம் வராததற்கு இதுதான் காரணம். ஆகவே இப்போதைக்கு அந்தத் தடத்தில் விமானம் கூட்டினால் அது இந்திய நிறுவனமாகத்தான் இருக்கும், அதற்கு இந்த ஓடுபாதை நீளமே போதும். 737 வகை விமானம் கொரோனாவுக்கு முன்பே மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு ஓடியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை, குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசியிலும் கோடை அட்டவணை மார்ச் கடைசியிலும் மாறும். அதற்கு ஓரிரு மாதம் முன்னாலேயே புதுத் தடங்கள் டிக்கெட் விற்பனைக்கு வந்துவிடும், அந்தச் சமயத்தில் பாருங்கள்.